தமிழ்நாட்டில் செல்பேசி: ஆடம்பரப் பொருள் முதல் அன்றாடப் பொருள் வரை

செல்பேசி (கைபேசி, அலைபேசி, பேச்சு வழக்கில் செல்போன்) 1990களின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டுக்கு வந்தது. தொடக்கத்தில் சென்னையில் வசதி படைத்தோர் மட்டுமே வைத்திருந்த இக்கருவி, பின்னர் பழனி மலைத்தொடரில் உள்ள வடகவுஞ்சி போன்ற மலையூர்களின் அன்றாட வாழ்விலும் இடம்பெற்றது. கட்டணம் குறைந்தது இதற்கு ஒரு காரணம். எளிய மக்களின் தேவையை அறிந்து, கருவியையும் விற்கும் முறையையும் நிறுவனங்கள் மாற்றிக்கொண்டது மற்றொரு காரணம். அந்நிறுவனங்களுள் முதன்மையான நோக்கியா, காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆலை அமைத்து ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. 9 ஆண்டுகள் நிறைவதற்குள் அந்த ஆலை மூடப்பட்டது. எனவே தமிழ்நாட்டின் செல்பேசி வரலாறு, அதை வாங்கியவர்களின் வரலாறாகவும் அதைச் செய்தவர்களின் வரலாறாகவும் அமைகிறது.

தொடக்கக் காலம்

இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, தில்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். நான்கு பெருநகரங்களுக்கும் தலா இரண்டு நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டிருந்தது. சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் ஆகிய இரண்டும் சேவை நடத்தின.

அப்போது நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16.80 ரூபாய் வரை கட்டணம் இருந்தது. வரும் அழைப்புக்கும் பணம் செலுத்த வேண்டும். இதனால் செல்பேசி வைத்திருப்பது தொழிலதிபர், மருத்துவர், திரைத்துறையினர் போன்றோருக்கே இயன்றது. கருவியைச் சட்டைப் பையிலோ இடுப்புப் பட்டையிலோ பிறர் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வது செல்வத்தின் அடையாளமாயிற்று.

சென்னைக்கு வெளியே உள்ள தமிழ்நாட்டில் சி. சிவசங்கரனின் ஏர்செல் 1999இல் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிலையான உரிமக் கட்டணத்துக்குப் பதிலாக வருவாயில் ஒரு பங்கை அரசுக்குச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தது. இது நிறுவனங்களின் சுமையைக் குறைத்தது.

கட்டணக் குறைப்பும் சிறு தொகை ரீசார்ஜும்

2002–2003 ஆண்டுகள் திருப்புமுனையாக அமைந்தன. 2002இல் அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். செல்பேசிச் சேவைக்கு வந்தது. 2003இல் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாய் முன்பணத்தில் கருவியையும் இணைப்பையும் தந்தது. 2003 மே 1 முதல் வரும் அழைப்புகள் இலவசமாயின. பேசுவதற்குப் பணம் இல்லாதவரும் பிறரின் அழைப்பைப் பெறுவதற்காகச் செல்பேசி வைத்துக்கொள்ள இது வழி செய்தது. மணி அடித்ததும் துண்டித்து, எதிர்முனையில் இருப்பவரைத் திரும்ப அழைக்கவைக்கும் 'மிஸ்டு கால்' வழக்கம் இந்தச் சூழலில் வேரூன்றியது.

விற்பனை முறையில் தமிழ்நாட்டுக்கு முன்பே பழக்கமான ஓர் உத்தி இங்கும் பயன்பட்டது. கடலூரில் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பு நிறுவனம், முழுப் புட்டி வாங்க இயலாதவர்களுக்குச் சிறு பாக்கெட்டுகளில் ஷாம்பு விற்று வளர்ந்தது. செல்பேசி நிறுவனங்களும் பேசும் நேரத்தை 10 ரூபாய் அளவிலான சிறு தொகைகளாகப் பிரித்து, பெட்டிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் விற்றன. 'டாப்-அப்', 'ரேட் கட்டர்', 'ஈசி' ஆகிய சொற்கள் ஊர்ப்பேச்சில் கலந்தன. கடைச் சுவர்களும் பெயர்ப்பலகைகளும் நிறுவனங்களின் வண்ணங்களைப் பெற்றன. 2008இல் ஐ.பி.எல். போட்டிகள் தொடங்கியபோது சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர்களின் சட்டையில் ஏர்செல் பெயர் இடம்பெற்றது.

நோக்கியா 1100உம் மலையூர்களும்

நோக்கியா 2003இல் வெளியிட்ட 1100 என்ற கருவி, வளரும் நாடுகளின் பயனரை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. தூசி புகாத விசைப்பலகை, வியர்வையில் வழுக்காத பக்கங்கள், நீடித்து நிற்கும் மின்கலம், உச்சியில் ஒரு டார்ச் விளக்கு ஆகியவை இதன் சிறப்புகள். புகைப்படக் கருவியோ வண்ணத் திரையோ இதில் இல்லை. உலகெங்கும் சுமார் 25 கோடி கருவிகள் விற்பனையாகி, மிக அதிகம் விற்ற செல்பேசிகளுள் ஒன்றாயிற்று.

இந்த வடிவமைப்பின் பொருத்தத்தை மலைப்பகுதியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தைச் சேர்ந்த வடகவுஞ்சியைச் சுற்றியுள்ள பகுதி காடுகளும் தோட்டங்களும் நிறைந்தது. யானையும் காட்டெருமையும் நடமாடும் மலைப்பாதையில் இருட்டிய பின் நடப்பவருக்கு டார்ச் விளக்கு இன்றியமையாதது. மின்சாரம் அடிக்கடி தடைபடும் இடத்தில் மின்கலம் பல நாள் தாங்குவது பெரிய வசதி. மலையில் கோபுரங்களின் தொடர்பு எளிதில் கிடைப்பதில்லை. செல்பேசி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், ஒரு மலைமுகடு குறுக்கிட்டால் அதன் மறுபுறம் அலை நிழலாகிவிடுகிறது. சமவெளியில் ஒரு கோபுரம் எட்டும் பரப்பை எட்ட மலையில் பல கோபுரங்கள் வேண்டும். அவற்றைப் பயன்படுத்துவோரோ குறைவு. நிறுவனங்கள் மலைக்குத் தாமதமாக வந்ததற்கு இக்கணக்கே காரணம்.

தொடர்பு கிடைக்காத இடத்திலும் செல்பேசி பயன்பட்டது. குறைந்த விலைக் கருவிகளில் பண்பலை வானொலி சேர்க்கப்பட்டபோது, அனைத்திந்திய வானொலியின் கொடைக்கானல் பண்பலையைக் (100.5 மெகாஹெர்ட்ஸ்) கையிலேயே கேட்க முடிந்தது. உயர்ந்த மலையிலிருந்து ஒலிபரப்பாவதால் இந்நிலையம் தென்மாவட்டங்கள் பலவற்றில் கேட்கிறது. இதற்கு ரீசார்ஜ் தேவையில்லை. காதொலிக் கம்பியே வானலை வாங்கியாகச் செயல்பட்டது.

நாகரிகப் பொருளாக

விலை குறைந்து எல்லோரிடமும் செல்பேசி வந்த பின்னர், வைத்திருப்பது மட்டும் பெருமை தரவில்லை. எந்த மாதிரி, எந்த நிறம், எந்த ஒலி என்பவை முக்கியமாயின. நோக்கியா 5110 (1998) முகப்பு உறையைக் கழற்றி மாற்றும் வசதியைத் தந்தது. 2004இல் வந்த மோட்டரோலா ரேசர் மெல்லிய மடக்கு வடிவத்தால் புகழ்பெற்றது. 2002இல் ஏ.ஆர். ரகுமான் ஏர்டெல் நிறுவனத்துக்கு இசையமைத்த விளம்பர மெட்டு பலரின் அழைப்பொலியாயிற்று. திரைப்பாடல்களை அழைப்பொலியாகவும் காத்திருப்பு ஒலியாகவும் விற்பது தனி வணிகமாக வளர்ந்தது. சென்னையின் ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் உறை, மின்னூட்டி, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றன.

விலையுயர்ந்த மாதிரிகளை வாங்க இயலாத இளைஞர்கள் 'சைனா செட்', 'கொரியன் செட்' எனப்பட்ட பெயரறியாக் கருவிகளை நாடினர். இரண்டு சிம், பெரிய ஒலிபெருக்கி, தொடுதிரை ஆகியவை இவற்றில் மலிவாகக் கிடைத்தன. இவற்றில் பல, கருவிக்குரிய 15 இலக்க அடையாள எண் இல்லாதவை. பாதுகாப்புக் காரணம் காட்டி, அத்தகைய கருவிகளின் இணைப்பை 2009 டிசம்பர் 1 முதல் துண்டிக்க மத்திய அரசு ஆணையிட்டது.

தமிழ் எழுத்து

ஆங்கில விசைகளைக் கொண்ட கருவியில் பலர் தமிழை ஆங்கில எழுத்துகளால் எழுதிப் பழகினர். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்', 2005இல் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டு, செல்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. நோக்கியா போன்ற நிறுவனங்களும் தமிழ்ப் பட்டியல்களையும் தமிழ் எழுத்து பொறித்த விசைகளையும் கொண்டுவந்தன. சந்தையை விரிவாக்க விரும்பிய நிறுவனங்களின் நோக்கமும் தாய்மொழியில் எழுத விரும்பியோரின் முயற்சியும் இங்கு ஒன்றுசேர்ந்தன.

திருப்பெரும்புதூர் ஆலை

2005இல் நோக்கியாவும் தமிழ்நாடு அரசும் ஒப்பந்தம் செய்துகொண்டன. திருப்பெரும்புதூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. உதிரிபாகம் செய்யும் நிறுவனங்களும் அருகிலேயே அமைந்தன. உச்சக் கட்டத்தில் ஆலையில் மட்டும் சுமார் 8,000 பேர் வேலை செய்தனர். அவர்களுள் பெரும்பான்மையினர் இளம்பெண்கள். பலருடைய குடும்பத்தில் மாதச் சம்பளம் பெற்ற முதல் பெண்கள். நிறுவனப் பேருந்துகள் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து அவர்களை முறைவேலைக்கு அழைத்து வந்தன. ஊதிய உயர்வு கேட்டும் பணிப்பாதுகாப்புக் கேட்டும் வேலைநிறுத்தங்கள் நடந்தன.

2013 தொடக்கத்தில் வருமான வரித்துறை, மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தலைமை நிறுவனத்துக்கு அனுப்பிய தொகையில் வரி பிடிக்கவில்லை எனக் கூறி, சுமார் 2,000 கோடி ரூபாய் கோரியது. அதே ஆண்டு செப்டம்பரில் நோக்கியா தன் செல்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக அறிவித்தது. ஆலையை மாற்றித் தர வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் கூறியது. எனவே அந்த விற்பனையில் திருப்பெரும்புதூர் ஆலை சேரவில்லை. ஒப்பந்த உற்பத்தியாக மைக்ரோசாஃப்ட்டுக்குச் சில மாதங்கள் செய்துகொடுத்த பின், 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகை பெற்று வெளியேறியிருந்தனர். இருபதுகளின் நடுவிலேயே 'ஓய்வு' பெற்றவர்களுக்கு, ஒரே வகைக் கருவியைப் பொருத்திய அனுபவம் வேறு வேலைக்கு அதிகம் கைகொடுக்கவில்லை.

வரி வழக்கு மட்டும் ஆலையை மூடவில்லை. 2007இல் வந்த ஐபோனும் 2008இல் வந்த ஆண்ட்ராய்டு கருவிகளும் சந்தையை மாற்றிவிட்டன. விசைப்பலகைக் கருவிகளில் முன்னணியில் இருந்த நோக்கியா, திறன்பேசியில் பின்தங்கியது.

திறன்பேசிக் காலம்

2014இல் ஷாவ்மி இந்தியாவுக்கு வந்தது; ஓப்போ, விவோ பெயர்ப்பலகைகள் சிறுநகரக் கடைவீதிகளை நிரப்பின. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியபின் இணையக் கட்டணம் பெரிதும் சரிந்தது. போட்டியைத் தாங்க இயலாத ஏர்செல் 2018இல் திவால் நடவடிக்கைக்குச் சென்றது. அதன் வாடிக்கையாளர்கள் எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாறும் குறியீட்டைப் பெறுவதற்கே அலைய நேர்ந்தது.

நோக்கியாவின் பழைய ஆலையை, மின்னூட்டிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக 2019இல் அறிவிக்கப்பட்டது. திருப்பெரும்புதூர் பகுதியில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பொருத்துகிறது. 2021 டிசம்பரில் விடுதி உணவால் 150க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர்.

வரலாற்று முக்கியத்துவம்

செல்பேசிச் சந்தையில் ஒரு பெயரின் செல்வாக்கு நெடுங்காலம் நிலைப்பதில்லை என்பதை ஏர்செல், நோக்கியா இரண்டின் வரலாறும் காட்டுகிறது. இந்த மாற்றத்தின் விளைவு எல்லோருக்கும் ஒரே அளவில் அமையவில்லை. வாங்குபவர் நோக்கியாவை விட்டு வேறொன்றுக்கு ஒரே நாளில் மாறிக்கொண்டார்; பெரும்பாலும் முன்பைவிடக் குறைந்த விலையில் சிறந்த கருவியையே பெற்றார். அக்கருவியைப் பொருத்திய பெண்களுக்கு அம்மாற்றம் வேலையிழப்பாக வந்தது. தமிழ்நாடு மீண்டும் செல்பேசி உற்பத்தியின் முக்கிய மையமாகியுள்ள நிலையில், 2014இன் அனுபவம் தொழிற்கொள்கை பற்றிய விவாதங்களில் தொடர்ந்து கருதத்தக்கது.