‘பாரிஷ்’ என்னும் சொல்லின் வரலாறு

சொல் பழமையானதாயின் அஃது இன்று உணர்த்தும் பொருளும் அத்துணைப் பழமையானதே எனக் கொள்ளுதல் வரலாற்றாய்வில் பெரும்பிழைக்கு இடனாகும். இங்கிலாந்துத் திருச்சபை ஆட்சியில் வழங்கும் ‘பாரிஷ்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாம். தமிழ்க் கத்தோலிக்கர் ‘பங்கு’ என வழங்குவது இதனையே. ஒரு கோயில், அதற்கொரு குரு, அவர்தம் பொறுப்பிலுள்ள மக்கள், எல்லை வகுத்த நிலப்பகுதி ஆகிய நான்கும் கூடிய அமைப்பினை இச்சொல் குறிக்கின்றது. இப்பொருள் இதற்கு வாய்த்த வகையை ஈண்டு ஆராய்வோம்.

இதன் மூலம் ‘பரொய்க்கியா’ என்னும் கிரேக்கச் சொல். ‘வேற்றூரில் தங்கி வாழ்தல்’ என்பது அதன் பொருள். தொடக்கக் கிறித்தவர் தம்மை இவ்வுலகில் வழிப்போக்கராகக் கருதினமையின் தம் சமூகத்திற்கு இப்பெயரை இட்டனர். இலத்தீனில் இது ‘பரோக்கியா’ என்றாகி, ஆயர் ஒருவரின் ஆட்சிப் பரப்பு முழுவதையும் சுட்டலாயிற்று.

கான்டர்பரிப் பேராயர் தியோடர் 672 அல்லது 673இல் ஹெர்ட்ஃபர்டில் கூட்டிய அவையின் விதிகளைப் பீடு தம் வரலாற்று நூலிற் பதிந்துள்ளார். ஆயர் ஒருவர் மற்றோர் ஆயரின் பரோக்கியாவினுள் தலையிடலாகாது என்பது அவற்றுள் ஒன்று. பங்கு அமைப்பினைத் தோற்றுவித்தவர் தியோடரே என முன்னையோர் பலர் கருதினர். ஆயின், ஈண்டுச் சுட்டப்பட்டது சிற்றூர்ப் பங்கன்று, ஆயரது மறைமாவட்டமே. பிற்காலப் பொருளை முற்காலச் சொல்லின்மேல் ஏற்றியதால் விளைந்த மயக்கம் இஃது எனலாம்.

அக்காலத்து மக்களின் சமயத் தேவைகளைப் பெரும்பாலும் நிறைவேற்றியவை ‘மின்ஸ்டர்’ எனப்பட்ட தாய்க்கோயில்கள். குருமார் பலர் கூடி வாழ்ந்த ஒரு மின்ஸ்டரின் பொறுப்பில் பல ஊர்கள் அடங்கின. அப்பொறுப்பினைப் பழைய ஆங்கிலம் ‘ஹீர்னெஸ்’ என்றது. ‘கீழ்ப்படிதல்’ என்பது அதன் அடிப்பொருள். நிலத்தினும் உறவே இச்சொல்லில் முதன்மை பெறுதல் நோக்கத்தக்கது.

உறவினை எல்லையாக்கியது பத்திலொரு பங்குக் காணிக்கை. 10ஆம் நூற்றாண்டு முதல் நிலக்கிழார் தத்தம் நிலத்தில் கோயில் எழுப்பினர். அத்தகைய கோயில் இடுகாடு உடையதாயின், நிலக்கிழார் தம் காணிக்கையில் மூன்றிலொன்றை அதற்கு அளிக்கலாம் என எட்கர் மன்னரின் சட்டம் வகுத்தது. எஞ்சியது பழைய மின்ஸ்டருக்கு உரியது. எவ்வயலின் விளைவு எக்கோயிலுக்கு என்னும் வினா எழுந்தபோது எல்லை இன்றியமையாததாயிற்று. 12ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சட்டம் வலுப்பெறவே, இவ்வெல்லைகள் பெரும்பாலும் நிலைத்துவிட்டன. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தம் சொந்தக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தல் வேண்டும் என 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம் விதித்தது. பிரெஞ்சு வழியாக வந்த ‘பாரிஷ்’ என்னும் வடிவம் அந்நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஆங்கிலத்தில் இடம்பெற்றது.

எனினும், சொல் பரவிய அளவிற்கு அதன் பொருளைப் பற்றிய அறிவு அரசிடம் பரவவில்லை. 1371இல், பிரெஞ்சுப் போருக்காக 50,000 பவுன் திரட்டக் கருதிய பாராளுமன்றம், நாட்டில் ஏறத்தாழ 45,000 பங்குகள் உள்ளன எனக் கொண்டு, பங்கு ஒன்றிற்குச் சராசரி 22 ஷில்லிங் 3 பென்ஸ் வரி விதித்தது. பின்னர்க் கணக்கெடுத்தபோது ஏறக்குறைய 9,000 பங்குகளே இருந்தமை தெரியவந்தது. அவ்வாண்டு சூன் திங்களில் வின்செஸ்டரில் கூடிய அவை வரியை 116 ஷில்லிங்காக உயர்த்திற்று. அதுகாறும் அரசின் வரிக்கணக்கு ஊர்வாரியாக அமைந்திருந்ததே இப்பிழைக்குக் காரணம் போலும். ஊர் வேறு, பங்கு வேறு என்பதை மறந்ததன் சுமை குடிகள் தலைமேல் ஐந்து மடங்காக விழுந்தது.

வழிப்போக்கரின் தங்கலைக் குறித்த சொல், ஆயரின் ஆட்சியைக் குறித்து, இறுதியில் நிலைக்குடிகளின் எல்லையைக் குறிக்கலாயிற்று. ஆகலின், பழஞ்சாசனங்களில் இச்சொல்லைக் காணுமிடத்து, அஃது எழுதப்பட்ட காலத்தை முதற்கண் வினவி, அதன்பின்னரே பொருள் கோடல் முறையாகும்.