செம்பனை ஓட்டின் மரபு

செவிமடல் குறுகிய சுண்டெலிகளைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கிளாரா லிஞ்ச் 1921-ஆம் ஆண்டில் எழுதினார். எவரும் தூண்டாமல் இயற்கையிலேயே தோன்றி, வழிவழியாகத் தொடர்ந்த சடுதி மாற்றம் அது. அதற்குரிய மரபணு இன்னதென்பது 1992-இல்தான் தெளிவாயிற்று. மூன்றே வாரத்தில் குட்டி ஈனும் சுண்டெலிக்கே எழுபதாண்டு கடந்ததெனில், நட்டு மூன்றாண்டு காத்திருந்தாலன்றிக் காய்க்காத செம்பனையின் கதை எத்தகையதாக இருந்திருக்கும்?

சிலாங்கூர் மாநிலத்தில் அக்கதை தொடங்கிய இடம் தென்னமரம் தோட்டம். பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் அத்தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917-இல் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். அந்நாளில் பயிரானது தடித்த ஓடுடைய 'டூரா' வகை. ஓடே இல்லாத 'பிசிஃபெரா' என்றொரு வகையும் உண்டு. ஆனால் அதன் பெண்பூக்கள் பெரும்பாலும் காயாவதில்லை. மலடென்று ஒதுக்கத்தக்க அம்மரத்தின் அருமை 1941-இல் புலனாயிற்று. இரு வகையையும் கலந்தால் மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் உடைய 'தெனெரா' பிறக்கும் என்பதையும், ஒரே மரபணுவே அதனை ஆள்கிறது என்பதையும் பெல்ஜியக் காங்கோவில் பெய்ர்னார்ட், வாண்டெர்வேயன் இருவரும் நிறுவினர். டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலான எண்ணெயைத் தெனெரா தரும். மலேசியத் தோட்டங்கள் பின்னர் அதற்கே மாறின.

குலை வெட்டிய தோட்டத் தொழிலாளர் ஓட்டின் தடிப்பை அன்றாடம் கண்டவர்களே. காரணத்தை ஆராய அவர்களுக்கு ஆய்வுக்கூடம் ஏது?

நாற்றங்காலில் மூன்று வகையும் ஒன்றுபோலவே நிற்கும். விதைக் கலப்பில் தவறி வந்த டூரா நாற்றை நட்டவர், பழத்தை அறுத்துப் பார்க்கும்வரை அதனை அறியார். அதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடும். பெருந்தோட்ட நிறுவனம் அவ்விழப்பைத் தாங்கும். சில ஏக்கரை நம்பி வாழும் சிறுதோட்டக்காரர் தாங்குவாரா? செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டு நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் பயிராயிற்றே!

இறுதியில், மரபணு 2013-இல் அகப்பட்டது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்களான ரஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முதலியோர் அமெரிக்க அறிஞர்களுடன் இணைந்து அதனைக் கண்டறிந்து, 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். 'ஷெல்' எனப் பெயர்பெற்ற அம்மரபணுவின் இரு படிகளில் ஒன்று பழுதானால் ஓடு மெலிகிறது. இரண்டும் பழுதானால் ஓடே மறைகிறது. அப்பழுதும் ஒன்றன்று. வெவ்வேறு மரவழிகளில் தனித்தனியே நேர்ந்த இரு சடுதி மாற்றங்கள் அவ்வாய்வில் வெளிப்பட்டன.

அதன் பயனாக, சிறு இலைத்துண்டைச் சோதித்தே, நிலத்தில் நடுவதற்கு முன் டூரா நாற்றைப் பிரித்தெடுக்க முடிகிறது.