தோலுக்கடியில் பாதரசம்

மலேசியாவின் போர்டிக்சன் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில், சுவா பெத்தோங்கானாலும் ஆதர்டனானாலும், காய்ச்சல் கண்ட பால்மரத் தொழிலாளி முதலில் போய் நின்றது தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரிடம்தான். அவர் வாயில் வைத்த தெர்மாமீட்டருக்குள் ஏறிய வெள்ளிக் கோடு பாதரசம். கண்ணாடிக்குள் இருக்கும்வரை அது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

அதே பாதரசத்தை மருத்துவர்களே ஊசியில் ஏற்றிய காலமும் இருந்தது. 1880களில் வியன்னாவின் எடுவார்ட் லாங், சிபிலிஸ் எனும் மேக நோய்க்கு 'சாம்பல் எண்ணெய்' என்ற மருந்தைப் புகுத்தினார். ஆட்டுக் கம்பளிக் கொழுப்பிலும் எண்ணெயிலும் உலோகப் பாதரசத்தைப் பொடிப்பொடியாகக் கலந்த குழம்பு அது. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் லாம்கின் இதைப் போன்ற பாதரசக் களிம்பைச் சிப்பாய்களின் தசையில் போடுவதற்கு ஊக்கமாக வாதாடினார். குணமானவர் உண்டு. ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டியவரும், ஈறு வீங்கி எச்சில் ஊறி ஊறிப் பல் உதிர்ந்தவரும் உண்டு. குழம்பு தவறி இரத்தக் குழாயில் புகுந்தால் நுரையீரலில் போய் அடைத்தது. நோய்க்கு மருந்தா, மருந்துக்கு நோயா என்று கேட்க வைக்கும் வைத்தியம். 1910இல் சல்வர்சானும், 1943க்குப் பிறகு பென்சிலினும் அதற்கு முடிவு கட்டின.

வைத்தியம் போனபின்னும் உலோகம் உடம்புக்குள் போவது நிற்கவில்லை.

மலேசியாவில் 'சூசுக்' என்ற பழைய பழக்கம் இருக்கிறது. அழகுக்கும் காவலுக்குமாகப் போமோ எனும் மலாய் மந்திரவாதி முகத்தில் மெல்லிய பொன்னூசியைச் செருகுவார். பல் வைத்தியர் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரியும்போதுதான் பலர் வாய் திறப்பார்கள். பொன் பெரும்பாலும் சும்மா கிடக்கும். பாதரசம் அப்படிக் கிடப்பதில்லை என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீரைவிட 13.6 மடங்கு கனமான அந்தத் திரவம் தசையின் இடுக்குகளில் மணிமணியாக இறங்கும். சுற்றிலும் கட்டி திரளும், புண் ஆறாது. உடம்பு அதை மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்ய, சிறுநீரகமும் மூளையும் தாக்குண்ணும்: கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், மறதி. விழுங்கிய உலோகப் பாதரசம் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். ஊசியில் ஏற்றியதற்கு அந்த வழியும் இல்லை.

இப்போது பாதரசம் ஊசிவழி உடம்புக்குள் வரும் பாதைகள் வேறு. தற்கொலை முயற்சி, பலம் கூடும் என்ற நம்பிக்கை, தீவினை அண்டாது என்ற நம்பிக்கை. இந்தியாவில் 'எக்ஸ்-மென்' படத்தின் மயக்கத்தில் பதின்ம வயதுச் சிறுவன் தனக்கே பாதரசம் ஏற்றிக்கொண்டது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

சிகிச்சையில் நேரம்தான் பெரிது. கட்டியை அமுக்கவோ பிதுக்கவோ கூடாது. மணிகள் இன்னும் சிதறும். எக்ஸ்ரே எடுத்து, பாதரசம் பரவிய தசையோடு சேர்த்து வெட்டி எடுப்பார்கள், மிச்சம் இருக்கிறதா என்று மறுபடியும் எக்ஸ்ரே பார்ப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் லூயிசைட் நச்சுவாயுவுக்கு முறிவாக ஆக்ஸ்போர்டில் பீட்டர்ஸ் குழு கண்டுபிடித்த 'பிஏஎல்' மருந்து ஒரு காலத்தில் பாதரச நஞ்சுக்கும் கைகொடுத்தது. ஆனால் அது பாதரசத்தை மூளைப் பக்கம் தள்ளக்கூடும் என்பதால், இன்று உலோகப் பாதரசத்துக்கு 'டிஎம்எஸ்ஏ' போன்றவற்றையே நாடுகிறார்கள். இரத்தக் குழாயில் ஏறி நுரையீரலில் தெறித்ததைக் கத்தியால் எடுக்க முடியாது. அப்படிப்பட்டவரின் சிறுநீரில் பாதரச அளவு இறங்குகிறதா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.