தட்டின் அடியில் நான்கு சொற்கள்

அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்துத் தெருவில் ஒரு சனிக்கிழமை பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் உள்ளங்கை அகலத்தில், நம் ஊர் முறம் மாதிரி, வெள்ளி முலாம் பூசிய ஒரு தட்டு. விளிம்பில் ரோஜாப்பூ. சாப்பாட்டு மேஜையில் சிந்தும் ரொட்டித் துகளை அள்ளுவதற்காம்! இதற்குமா ஒரு பாத்திரம் என்று சிரித்தபடி திருப்பிப் பார்த்தேன். 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. இரண்டு டாலருக்கு வாங்கிவிட்டேன். இன்று என்னிடம் அந்த முத்திரையோடு பதினொரு சாமான்கள். உப்பு, மிளகு ஜாடிகள்தான் அதிகம்.

போரில் தோற்ற ஜப்பான் 1945 முதல் 1952 ஏப்ரல் 28 வரை அந்நியப் படைகளின், முக்கியமாக அமெரிக்காவின், பிடியில் இருந்தது. நகரங்கள் எரிந்து கிடந்தன. சோற்றுக்கே பஞ்சம். வெளியிலிருந்து தானியம் வாங்க டாலர் வேண்டும். 1947இல் தனியார் ஏற்றுமதிக்கு வழி திறந்தபோது, சாமான்களில் இந்த முத்திரை இருக்க வேண்டும் என்பது உத்தரவு. 1949 கடைசியில் அது தளர்ந்தது. வெறும் 'ஜப்பான்' என்றும் போடலாம் என்றானது. ஆக, அந்த நான்கு சொற்கள் இருந்தால் ஐந்து வருஷத்துக்குள் வயதைச் சொல்லிவிடலாம்.

ஊருக்குக் கொண்டுவந்ததும் ஒரு தப்பு செய்தேன். நம் வழக்கப்படி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில், ஒரு மூலையில் முலாம் போய்ச் சாம்பல் நிறம் தெரிந்தது. இப்படிப்பட்ட சின்னச் சாமான்களில் பல, காரீயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து அச்சில் வார்த்தவை. மேலே மெல்லிய முலாம்தான். அந்தக் கால அச்சுக்கூடத்து ஈய எழுத்துகளும் இதே கலவைதான். நுணுக்கமான கோடுகூடத் தெளிவாக விழும். நம் ரசத்து ஈயச் சொம்பு வெள்ளீயம், இது காரீயம். அதனால் அந்த ஜாடிகளில் உப்புப் போடுவதில்லை.

வீட்டில் அரிசி இல்லாத ஒருவன், தன்னை ஜெயித்தவன் வீட்டு ரொட்டித் துகளுக்குத் தட்டு வார்க்கிறான். தன் நாடு பிறர் பிடியில் இருப்பதை அதன் அடியில் தானே பொறிக்கிறான். அப்படியும் ரோஜாவின் ஒவ்வோர் இதழையும் அவன் அரைகுறையாக விடவில்லை.

மறுபடி முலாம் பூசித் தருவதாகப் பாத்திரக் கடைக்காரர் சொன்னார். மெருகேற்றும்போது அடியில் உள்ள எழுத்து மழுங்கிவிடும் என்றார். வேண்டாமென்று வாங்கி வந்துவிட்டேன்.