அடி அறுந்த புகை: தொலைதூரப் புகையை அறிந்துகொண்ட வரலாறு

மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு. தர்க்கம் கற்கும் மாணவனுக்கு முதலில் சொல்லித்தரும் அனுமானம் இதுதான். ஸ்ரீரங்கத்தில் இதைப் பாடம் கேட்டவர்கள் உதாரணத்துக்கு மலை தேடி அலைந்திருக்க வேண்டாம்; காவிரிக்குத் தெற்கே மலைக்கோட்டை நிற்கிறது. ஆனால் கேசவ மிசிரரின் ‘தர்க்கபாஷை’ ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறது: புகைக்கோடு அடி அறாமல் வானளாவ எழவேண்டும். அடி அறுந்து மிதந்துவரும் புகை, தான் நிற்கும் இடத்து நெருப்புக்குச் சாட்சி ஆகாது என்பது இதன் உட்கிடை. திருச்சி அரியமங்கலம் குப்பைமேட்டில் பற்றும் தீயின் புகைக்கு அடி உண்டு. போகிக் காலைப் புகைக்கும் உண்டு. அடி இல்லாத புகையின் ஊரை அறிவியல் எப்படித் தேடிப் பிடித்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தமிழகத்தில் இதன் முதல் பெரும் சாட்சியம் 1883ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் சுந்தா நீரிணையில் கிரகட்டோவா எரிமலை வெடித்தது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாக உதித்துப் பச்சையாக மறைந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் நிறமாலைமானியைத் திருப்பி, நீராவிக் கோடுகள் வழக்கத்தைவிட வலுத்திருப்பதைக் குறித்துவைத்தார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநரானவர் இவர்.

வெடிப்புக்கும் பச்சைச் சூரியனுக்கும் இடையே இரண்டு வாரம் ஏன் என்பதுதான் சுவையான கேள்வி. அந்தப் படலம் சுந்தா நீரிணையிலிருந்து நேரே வடமேற்காக வந்ததல்ல. நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கிப் போய், ஏறத்தாழ 13 நாளில் உலகை ஒருமுறை வலம்வந்தது. மணிக்கு ஏறக்குறைய 125 கிலோமீட்டர் வேகம். ஹோனலூலுவிலிருந்த செரெனோ பிஷப் இதைப் ‘புகை ஓடை’ என்றே அழைத்தார். அது காட்டுத்தீப் புகையல்ல, எரிமலைத் தூசும் கந்தக அமிலத் துளிகளும்தான். ஆனாலும் மழை எட்டாத உயரத்தில் நிலையான காற்றோட்டம் ஒன்று உண்டு என்பதை முதன்முதலில் காட்டிக்கொடுத்தது அதுவே.

நிறத்துக்கான விடை 1950இல் தெளிந்தது. இம்முறை காரணம் மெய்யான காட்டுத்தீ. கனடாவின் மேற்கில் சிஞ்சாகா காடு எரிந்த புகை அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய், செப்டம்பர் 26 அன்று ஸ்காட்லாந்தில் சூரியனை நீலமாக்கியது. எடின்பரோவில் ராபர்ட் வில்சன் அந்த ஒளியை அளந்தார். துகள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக, ஒளியின் அலைநீளத்தை ஒட்டி இருந்தால் சிவப்பு அதிகம் சிதறி நீலமும் பச்சையும் மிஞ்சும். சென்னையின் பச்சைக்கும் இதுவே பொருந்துகிறது.

பயணத்தின் நீளத்தை உயரமே முடிவு செய்கிறது. தாழ்வான புகையைச் சில நாளிலோ சில வாரத்திலோ மழை கழுவிவிடும். திருச்சிக்காரர்களின் உறவுகள் நிறைந்த சிங்கப்பூரில் 2013 ஜூன் 21 அன்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. சுமத்திராவில் எரிந்த புகை அது. அந்தப் புகைமூட்டம் தென்மேற்குப் பருவக்காற்றோடு மலாய் தீபகற்பத்தின் பக்கம் சாய்ந்ததே தவிர, நம் பக்கம் திரும்பவில்லை. பெருந்தீ தன் வெப்பத்தாலேயே இடிமேகம் கட்டினால் கதை வேறு. 2019-20 ஆஸ்திரேலியத் தீயின் புகைச்சுழல் ஒன்று ஆயிரம் கிலோமீட்டர் அகலத்தோடு 35 கிலோமீட்டர் உயரம்வரை ஏறியது. கரித்துகள் வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்க, அந்தச் சூடே புகையை மேலே தூக்கியது.

நம் குளிர்காலப் புகைக்கு அந்த உயரம் வாய்ப்பதில்லை. அதற்கு மழையற்ற வானம் போதும். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு இதைத்தான் கண்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீ. ராமநாதனும் பால் குருட்சனும் அதை முன்னின்று நடத்தினார்கள். வடகிழக்குக் காற்று துணைக்கண்டத்தின் புகையைக் கடல்மேல் தள்ளிக்கொண்டு போக, மூன்று கிலோமீட்டர் தடிமனுள்ள பழுப்புப் படலம் மாலத்தீவையும் தாண்டிப் பரந்திருந்தது. தை, மாசியில் மலைக்கோட்டை உச்சியிலிருந்து பார்க்கையில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் மங்கித் தெரியும் காலைகள் உண்டு. அந்த மங்கலில் பனி எவ்வளவு, உள்ளூர்ப் புகை எவ்வளவு, வங்கக்கடல் கடந்து வந்தது எவ்வளவு என்று கண்ணால் பிரிக்க முடியாது.

பிரிக்கும் வழி கரிக்குள்ளேயே இருந்தது. நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையானவை. 5,730 ஆண்டு அரைவாழ்வுள்ள கார்பன்-14 அவற்றில் மிஞ்சியிராது. விறகிலும் வைக்கோலிலும் சருகிலும் அது இருக்கும். 2006 குளிர்காலத்தில் மாலத்தீவின் ஹனிமாதூவிலும் புனே அருகே சிங்ககட்டிலும் பிடித்த புகைக்கரியை குஸ்தாஃப்சன் தலைமையிலான ஆய்வுக் குழு இப்படிச் சோதித்து, முடிவை 2009இல் வெளியிட்டது. கரியைப் பிரிக்கும் முறையைப் பொறுத்து, பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை தாவரம் எரிந்து வந்தது. அடுப்பா, வயலா, காடா, எந்த ஊர் என்பதை மட்டும் கார்பன்-14 சொல்வதில்லை.