வால்மீனா வாட்டியது?

கோவில்பட்டிக் கரிசற் சீமையிலே மழை பொய்த்தால் உழவன் விழி விண்ணை நாடும். அங்கே வால்மீன் தோன்றினாலோ, பஞ்சம் வருமென அச்சமூட்டிற்று பழமை.

அறிவோ தொலைநோக்கியை ஏந்திற்று! 1689-இல் புதுவையிலே வால்மீனொன்றை நோக்கிய ரிஷோ பாதிரியார், ஆல்பா சென்டாரி இரட்டை விண்மீன் எனக் கண்டார். 1758-இல் வால்மீனொன்று மீளுமென 1705-இலேயே கணித்தார் எட்மண்டு ஹாலி. அவர் மறைந்த பின்னர், சொன்ன ஆண்டிலேயே அது தென்பட்டது. சென்னையிலே பிறந்த வைணு பாப்பு, 1949-இல் ஆர்வர்டிலே புது வால்மீனைக் கண்டறிந்தார். போக், நியூகர்க் பெயர்களோடு அவர் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது.

கணக்குக்குக் கட்டுப்பட்டு வருவது நாட்டைக் கெடுக்குமோ? 1876-78 தாதுவருடப் பஞ்சத்திலே மக்கள் மடிந்தனரே, ஏன்? மழை பொய்த்தது, பட்டினிக்கிடையேயும் தானியம் கப்பலேறியது. பழியை வால்மீன்மீது சுமத்தினால் குற்றவாளி தப்பிவிடுவான். விண்ணை அறிவால் காண்போம். மண்ணின் துயருக்கு மண்ணிலேயே காரணம் தேடுவோம்!