தென் சிலியின் ஃபியோர்டு வழிகளும் தென்கோடிச் சாலையும்

சிலி நாட்டின் புவெர்த்தோ மோன்ட் நகருக்குத் தெற்கே ஆண்டீஸ் மலைத்தொடர் நேராகக் கடலில் இறங்குகிறது. பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் பின்னர் கடல் புகுந்ததால் இங்கு ஃபியோர்டுகளும் ஆயிரக்கணக்கான தீவுகளும் உருவாயின. படகிலும் சாலையிலும் மாறிமாறிச் செல்வதே இப்பகுதியின் பயண முறை. இவற்றுள் படகுவழியே மூத்தது.

பழைய நீர்வழி

இவ்வழிகளை முதலில் அறிந்தவர்கள் சோனோ மக்களும், அவர்களுக்குத் தெற்கே வாழ்ந்த கவேஸ்கர் மக்களும் ஆவர். சோனோக்களின் தால்கா என்னும் படகு பழங்காலக் கைத்திறனின் சிகரம். மூன்று பலகைகளை நெருப்பும் நீரும் கொண்டு வளைத்து, ஓரங்களில் துளையிட்டு, தாவர நாரால் தைப்பார்கள். இடுக்குகளில் மரப்பட்டையும் புல்லும் திணித்து அடைப்பார்கள். தையலைப் பிரித்தால் படகைப் பலகை பலகையாகச் சுமந்து நிலத்தைக் கடக்கலாம்; மறுபுறம் மீண்டும் தைத்துக்கொள்ளலாம்.

இது பெரிதும் பயன்பட்ட இடம் ஓஃப்கி பூசந்தி. தைத்தாவோ தீபகற்பத்தைச் சுற்றிச் செல்வோர் கொந்தளிப்பு மிகுந்த பேனாஸ் வளைகுடாவை எதிர்கொள்ள வேண்டும். சான் ரஃபேல் காயலிலிருந்து பூசந்தியைக் கடந்து மறுபக்கத்து ஆற்றில் இறங்கினால் அந்தச் சுற்று மிச்சம். 1766–67இல் இயேசு சபைத் துறவி ஹோசே கார்சியா இவ்வழியே தெற்கே சென்றார். 1741இல் இப்பகுதியில் உடைந்த வேஜர் என்ற ஆங்கிலக் கப்பலிலிருந்து தப்பிய ஜான் பைரனும் தோழர்களும் சீலோயே தீவை அடைந்தது சோனோ வழிகாட்டிகளால்தான். சிலி அரசு 1937இல் பூசந்தியில் கால்வாய் வெட்டத் தொடங்கி, 1943இல் கைவிட்டது.

1890களில் ஜெர்மானியப் புவியியலாளர் ஹான்ஸ் ஸ்டெஃபன் இங்குள்ள ஆறுகளை ஆராய்ந்து வரைபடமாக்கினார். இதே பகுதி குறித்து அர்ஜென்டினாவுடன் சிலிக்கு இருந்த எல்லை வழக்கில் 1902இல் பிரிட்டிஷ் மன்னர் தீர்ப்பளித்தார்.

சாலை

தென்கோடிச் சாலை ஏறத்தாழ 1,240 கி.மீ. நீளமுள்ளது. இராணுவ ஆட்சியில் 1976இல் பணி தொடங்கியது. அர்ஜென்டினாவுடன் எல்லைப் பூசல் முற்றியிருந்த அக்காலத்தில் இச்சாலை நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று அவ்வாட்சி கருதியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் பாறையைத் தகர்த்தும் சதுப்பை நிரப்பியும் உழைத்தனர். 1988இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட சாலை, 2000இல் வில்லா ஓ'ஹிக்கின்ஸ் வரை எட்டியது.

பயணம்

சாலை நெடுக வண்டிகளைப் படகில் ஏற்ற வேண்டிய இடங்கள் உண்டு. ஓர்னோபிரேனிலிருந்து லெப்தெபு வரை சுமார் மூன்றரை மணி நேரம் ஃபியோர்டில் செல்ல வேண்டும். அடுத்து 10 கி.மீ. சாலை, பின் கலேதா கொன்சாலோவுக்கு மீண்டும் படகு. தெற்கே புவெர்த்தோ யுங்காயில் மற்றொரு படகுத்துறை உள்ளது. 1955இல் உருவான கலேதா தோர்தெல் ஊருக்குள் வண்டிகள் நுழைவதில்லை. வீடுகளைச் சைப்பிரஸ் பலகை நடைபாதைகளே இணைக்கின்றன. மழையில் அவை வழுக்கும். கெயுலாத் பூங்காவின் தொங்கு பனியாற்றைச் சாலைவழியே சென்று காணலாம். சான் ரஃபேல் பனியாறு உடைந்து கடல்நீரில் விழுவதை அருகிலிருந்து காணப் படகே வேண்டும். கடலைத் தொடும் பனியாறுகளுள் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளது இதுவே.

இன்றைய நிலை

தென்பகுதிச் சாலை பெரும்பாலும் சரளைச் சாலையாகவே உள்ளது. சுற்றுலா வளர்ந்துள்ளது, பனியாறுகள் பல பின்வாங்கி வருகின்றன.